நலத் தரவை யாருக்கு, எந்த நிபந்தனையில் தருவது: முடிவில் பொதுமக்களைப் பங்கேற்கச் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

நோயாளி மருத்துவரிடம் சொன்னது, பரிசோதனைக்கூடம் அளந்தது, மருந்தகம் கொடுத்தது ஆகிய அனைத்தும் இன்று ஏதோ ஒரு கணினியில் பதிவாகின்றன. அத்தகைய பதிவுகள் லட்சக்கணக்கில் சேரும்போது, ஒரு தடுப்பூசி எந்த வயதினரைக் குறைவாகக் காக்கிறது, பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் பக்கவிளைவு எந்த மருந்தால் வருகிறது என்பன போன்ற, வேறு வழியில் எளிதில் கண்டறிய முடியாத உண்மைகள் தெரியவருகின்றன. அதே பதிவுகள் வேலை கொடுப்பவரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ போய்ச் சேர்ந்தால், அவற்றைத் தந்த மனிதருக்கே அவை எதிராகத் திரும்பவும் கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே கோடு எங்கே கிழிப்பது என்பதைப் பெரும்பாலும் நிர்வாகிகளும் வழக்கறிஞர்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் மட்டுமே கூடி முடிவு செய்கிறார்கள். தரவுக்கு உரியவர்களை அந்த மேசைக்கு எப்படி அழைப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். சுகாதாரத் துறை, மருத்துவமனை, ஆய்வு நிறுவனம், நோயாளர் அமைப்பு ஆகியவற்றில் இப்பொறுப்பை ஏற்றிருப்பவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

மக்களைக் கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ‘கேர்.டேட்டா’ திட்டம் பாடமாக நிற்கிறது. குடும்ப மருத்துவர்களிடம் இருந்த பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் அந்தத் திட்டத்தை விளக்கி 2014 ஜனவரியில் வீடுவீடாகத் துண்டறிக்கை அனுப்பினார்கள். விலக விரும்புவோர் நிரப்புவதற்கான படிவம் அதனுடன் இல்லை. தரவு வணிக நிறுவனங்களுக்குப் போகுமா என்ற கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் பிப்ரவரியிலேயே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2016 ஜூலையில் முற்றிலுமாகக் கைவிடப்பட்டது. அதன் மருத்துவ நோக்கத்தைப் பலர் குறை கூறவில்லை என்பதே இதில் வருத்தமான செய்தி. யார் கையில், எதற்காக, எந்தக் கட்டுப்பாட்டோடு என்பது தெரியாததுதான் அவர்களைக் கோபப்படுத்தியது.

இத்தகைய கலந்தாய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நேரமும் தகவலும் கிடைத்த மக்கள் வெறுமனே ‘கொடுக்கலாம்’ என்றோ ‘கூடாது’ என்றோ சொல்வது அரிது. ‘கொடுக்கலாம், ஆனால்…’ என்றே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்த ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைச் சிதைக்காமல் எடுத்துச் சென்று, தரவுப் பகிர்வு ஒப்பந்தத்தின் விதியாக மாற்றுவதுதான் நம் வேலை. கீழே உள்ள படிகள் யாவும் அதை நோக்கியவை.

படி 1: முடிவு இன்னும் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நடத்தப்படும் கருத்துக்கேட்பைக் கண்துடைப்பு என்றுதான் மக்கள் அழைப்பார்கள், அது சரியும்கூட. குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969-இல் விவரித்த ஷெரி ஆர்ன்ஸ்டைன், அதிகாரத்தில் எந்தப் பங்கும் தராத கலந்தாலோசனையைச் சடங்கு என்ற வகையிலேயே சேர்த்தார். ஏணியின் உச்சிக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் எல்லா நேரத்திலும் இல்லை. நிற்கும் படி எதுவோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் கட்டாயம்.

ஆகவே அழைப்பு அனுப்புவதற்கு முன்பு, முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரிடமிருந்து ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கையெழுத்துடன் பெறுங்கள். எடுக்கப்பட வேண்டிய முடிவு எது, அதை எடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள் எடுப்பார், சட்டம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதால் மாற்ற முடியாதவை எவை, மாற்றக்கூடியவை எவை, மக்களின் பரிந்துரைகளுக்கு எத்தனை நாளில் எழுத்துமூலம் பதில் தருவார் என்பவை அதில் இருக்க வேண்டும். இந்தத் தாள் கிடைக்கவில்லையென்றால் கூட்டத்தை நடத்தாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. முன்பே முடிந்துபோன ஒன்றுக்கு ஒருவரைப் பல நாட்கள் உட்காரவைத்தால், அடுத்த முறை உண்மையாகவே கேட்கும்போது அவர் வரமாட்டார்.

படி 2: கேள்வியை உடைத்து எழுதுங்கள்

‘ஆய்வுக்காக உங்கள் நலத் தரவைப் பகிரலாமா?’ என்பது கேள்வியே ஆகாது. ஆய்வு என்ற சொல்லுக்குள் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆராய்ச்சியும் அடங்கும், ஒரு நிறுவனத்தின் சந்தை ஆராய்ச்சியும் அடங்கும். பகிர்தல் என்ற சொல்லுக்குள்ளும் இரண்டு வேறுபட்ட செயல்கள் ஒளிந்திருக்கின்றன: தரவின் நகலை வெளியே அனுப்புவது ஒன்று, தரவு இருக்கும் பாதுகாப்பான கணினிக்குள் ஆய்வாளரை வரவழைத்து, முடிவுகளை மட்டும் எடுத்துச் செல்ல அனுமதிப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மக்கள் தரும் பதில்கள் பெரிதும் மாறுபடக்கூடும் என்பதால், கேள்வியிலேயே பிரித்துக் கேட்க வேண்டும்.

நல்ல கேள்வி ஒன்றில் பெறுபவர் யார், நோக்கம் என்ன, எந்தப் பதிவுகள், எவ்வளவு நுணுக்கமாக (பிறந்த தேதியா, வயது வரம்பா, தெருவா, மாவட்டமா), எந்த முறையில், எத்தனை காலத்துக்கு, யாருக்கு வருவாய் என்ற கூறுகள் தெளிவாக இருக்கும். எடுத்துக்காட்டாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம்: ‘அறுபது வயதுக்கு மேற்பட்டோரின் மருந்துச் சீட்டுப் பதிவுகளை, பெயரும் முகவரியும் நீக்கி, அரசின் கணினிக்குள்ளேயே வைத்து, ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூன்று ஆண்டுகள் ஆராய அனுமதிக்கலாமா? அனுமதிப்பதாக இருந்தால் எந்த நிபந்தனைகளுடன்?’ கடைசி வாக்கியத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்; ‘ஆனால்’ வருவதற்கான வாசல் அதுதான்.

எழுதிய கேள்வியை, இத்துறையோடு தொடர்பில்லாத ஐந்தாறு பேரிடம் கொடுத்து, அவர்கள் புரிந்துகொண்டதைத் தங்கள் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது நீங்கள் எழுதியதிலிருந்து விலகினால் பிழை கேள்வியில் இருக்கிறது.

படி 3: யாரை அழைப்பது

கருத்துக்கணிப்பு ஆயிரக்கணக்கானோரைத் தொடும், ஆனால் யோசிக்காமல் சொன்ன பதிலையே தரும். பொதுக்கூட்டத்துக்கு ஏற்கெனவே உறுதியான கருத்துடையவர்கள்தாம் வருவார்கள். சிக்கலான கேள்விக்கு, 1970களில் அமெரிக்காவில் நெட் கிராஸ்பியும் ஜெர்மனியில் பீட்டர் டீனலும் தனித்தனியே உருவாக்கிய வழி பொருத்தமானது: குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சாதாரண மக்களைச் சில நாட்கள் ஒன்றாக உட்காரவைத்து, சான்றுகளைக் கேட்கச் செய்து, பரிந்துரை எழுதச் சொல்வது. குடிமக்கள் நடுவர் குழு என்று இதை அழைக்கலாம்.

குழுவில் 12 முதல் 24 பேர் வரை இருப்பது வழக்கம். குலுக்கலில் வந்தவர்களிலிருந்து வயது, பாலினம், கல்வி, வருவாய், வசிக்கும் பகுதி ஆகியவற்றில் மக்கள்தொகையின் விகிதத்தை ஒட்டித் தேர்ந்தெடுக்கிறார்கள். தரவு பற்றிய கேள்விக்கு இன்னொரு அளவுகோலும் மிக முக்கியம்: பகிர்வை ஆதரிப்போர், ஐயப்படுவோர், இன்னும் முடிவுசெய்யாதோர் ஆகிய மூவகையினரும் சமூகத்தில் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அதே விகிதத்தில் குழுவிலும் இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் இதைச் செய்துவிடலாம். செய்யாவிட்டால், முடிவு பிடிக்காதவர்கள் ‘ஆட்களைப் பொறுக்கி எடுத்துவிட்டீர்கள்’ என்று சொல்வதற்கு இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

எனினும் விகிதாசாரம் மட்டும் போதாது. மனநலச் சிகிச்சை பெறுவோர், எச்ஐவியுடன் வாழ்வோர், குடியுரிமை ஆவணம் இல்லாதோர், அரிய மரபணு நோய் உள்ளோர் ஆகியோர் எண்ணிக்கையில் குறைவு என்பதால் பதினெட்டுப் பேரில் ஒருவராகக்கூட வராமல் போகலாம். தரவு கசிந்தால் அதிகம் இழப்பவர்களோ அவர்கள்தாம். அத்தகையோரைக் குழுவின் முன் வந்து தங்கள் நிலையைச் சொல்லும் சாட்சிகளாக அழைக்கலாம், அல்லது அவர்களோடு தனிக் கூடுகை நடத்தி அதன் முடிவைக் குழுவின் முன் வைக்கலாம். அடையாளத்தை வெளிக்காட்ட விரும்பாதவருக்கு எழுத்துமூலமோ குரல் பதிவின் வழியோ பேசும் வாய்ப்பு வேண்டும்.

தீங்கு தனிமனிதருக்கு மட்டுமே நேரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் 1990களில் நீரிழிவு ஆய்வுக்கு என்று பெறப்பட்ட இரத்த மாதிரிகள், மனச்சிதைவு குறித்தும் அம்மக்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது குறித்தும் ஆராயப் பயன்பட்டன. பின்னது அவர்களுடைய தோற்றக் கதையையே மறுப்பதாக அமைந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2010-இல் 7 லட்சம் டாலர் தந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. மாதிரிகளும் திருப்பிக் கொடுக்கப்பட்டன. மாதிரிகளில் பெயர் இல்லாதிருந்தாலும் இந்தத் தீங்கு நேர்ந்திருக்கும், ஏனெனில் காயம் பட்டது ஒரு சமூகம் முழுவதற்கும். ஒரு சமூகத்தைத் தனியாகக் குறிக்கும் தரவு என்றால், அச்சமூகத்தின் தலைமையோடு தனியாகப் பேச வேண்டியது கடமை.

பங்கேற்பவர்களுக்கு நாள் ஊதியம், பயணச் செலவு, குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, மொழிபெயர்ப்பாளர் ஆகியவை கட்டாயம். மேசையின் ஒரு பக்கம் சம்பளத்தோடு அமர்ந்திருக்கும்போது மறுபக்கம் இலவசமாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஊதியம் இழந்து வரக்கூடியவர்கள் மட்டுமே வருவார்கள் என்பதால் குழுவின் சமநிலையும் கெடும்.

படி 4: தகவலை நேர்மையாக வையுங்கள்

பங்கேற்பின் நம்பகத்தன்மை பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது, ஆகவே இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். குழுவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும், ஆதரிப்பவர் ஒருவர், எதிர்ப்பவர் ஒருவர், தரவுச் சட்டம் அறிந்தவர் ஒருவர் ஆகியோர் அடங்கிய சிறிய மேற்பார்வைக் குழு முன்கூட்டியே படித்து, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாட்சிகளையும் அவ்வாறே இரு பக்கத்திலிருந்தும் அழையுங்கள்.

சொற்களில் முதலில் தெளிவு வேண்டும். ‘பெயர் நீக்கிய தரவு’ என்று சொன்னதும் தன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் மூன்று நிலைகள் உள்ளன. பெயருக்குப் பதிலாக ஒரு குறியெண் இட்டு, எந்த எண் யாருடையது என்று காட்டும் திறவுகோலை ஒருவர் வைத்திருப்பது முதல் நிலை. திறவுகோலையே அழித்து, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மங்கச் செய்வது இரண்டாவது. ‘இந்த மாவட்டத்தில் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையாக மட்டும் தருவது மூன்றாவது. கீழே செல்லச் செல்ல ஆபத்து குறைகிறது, ஆய்வுக்கு உதவும் நுணுக்கமும் குறைகிறது.

முதல் இரண்டு நிலைகளின் ஆபத்தை விளக்க உண்மை நிகழ்ச்சிகளே போதும். லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் மாணவியாக இருந்த 1990களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பெயர் நீக்கி வெளியிட்ட அரசு ஊழியர்களின் மருத்துவமனைத் தரவை, இருபது டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாநில ஆளுநரான வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே அடையாளம் கண்டார். அதற்குத் தேவைப்பட்டவை அஞ்சல் எண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று மட்டுமே. ஆஸ்திரேலிய அரசு 2016 ஆகஸ்டில் சுமார் 29 லட்சம் பேரின் மருத்துவக் கட்டணப் பதிவுகளை இணையத்தில் வெளியிட்டது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிலுள்ள குறையைச் சுட்டிக்காட்டியதும் அடுத்த மாதமே திரும்பப் பெற்றது. இவற்றைக் கேட்டால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று சில நிர்வாகிகள் தயங்குவதுண்டு. நாம் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்வார், அப்போது நாம் மறைத்தோம் என்பதும் சேர்ந்தே வெளிவரும்.

அதே நேர்மை மறுபக்கத்துக்கும் வேண்டும். பகிராமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு: கண்டறியப்படாத பக்கவிளைவு, தாமதமாகத் தெரியவரும் தொற்று, ஆய்வுகளில் இடம்பெறாததால் தங்களுக்குப் பொருந்தாத சிகிச்சையைப் பெறும் சிறுபான்மையினர். இவற்றையும் கணக்கில் சேர்க்காத கலந்தாய்வு பாதிக் கலந்தாய்வு.

படி 5: கூடுகையை நடத்துதல்

மூன்று முழு நாட்களுக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். இணையவழி என்றால் பல அரைநாட்களாகப் பிரிப்பது நல்லது. முதல் பகுதி கற்பதற்கு, இரண்டாவது சாட்சிகளைக் குறுக்குக்கேள்வி கேட்பதற்கு, மூன்றாவது தங்களுக்குள் விவாதித்து எழுதுவதற்கு. மூன்றாவது பகுதியில் அதிகாரிகளும் வல்லுநர்களும் அறையில் இருக்கக் கூடாது. தரவை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியர் நெறியாளராக இருக்கவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஆறேழு பேர் கொண்ட சிறு வட்டங்களில் பேசவைத்தால்தான் தயங்குபவரின் குரல் கேட்கும். பொதுவான கொள்கையைப் பேசச் சொல்வதைவிட, வழக்குகளை ஒவ்வொன்றாக வைத்து எல்லையைத் தேடச் சொல்வது அதிகம் பயன்தரும். பல்கலைக்கழகம் கேட்டால்? அதே பல்கலைக்கழகம் ஒரு நிறுவனத்தின் நிதியோடு கேட்டால்? அந்த நிறுவனம் முடிவுகளை வெளியிட மறுத்தால்? தரவு வேறு நாட்டிலுள்ள கணினிக்குப் போவதாக இருந்தால்? எந்தப் படியில் ஒருவரின் ‘சரி’ ‘வேண்டாம்’ ஆகிறது என்று கவனியுங்கள், ஏன் என்று கேளுங்கள். அந்தக் காரணத்தில்தான் நிபந்தனை இருக்கிறது.

கொரோனா காலத்தில் தொடங்கிய தரவுப் பகிர்வு ஏற்பாடுகளை மதிப்பிட 2021-இல் இங்கிலாந்தில் மூன்று நடுவர் குழுக்கள், ஒவ்வொன்றும் பதினெட்டுப் பேருடன், எட்டு நாட்கள் வீதம் இணையவழி கூடின. மதிப்பிட்டவற்றுள் ‘ஓப்பன்சேஃப்லி’ என்ற ஏற்பாட்டுக்கே அதிக நம்பிக்கை கிடைத்தது. அதில் நோயாளிகளின் பதிவுகள் இருந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆய்வாளர் எழுதும் நிரல் மட்டுமே தரவிடம் செல்கிறது. யார் என்ன கேட்டார்கள் என்பதும் பொதுவில் தெரிகிறது. கணினித் துறையைச் சேராத மக்கள், நேரம் கொடுத்தால், தொழில்நுட்ப வடிவமைப்பின் வேறுபாட்டையே எடைபோட்டுச் சொல்ல வல்லவர்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ‘இதெல்லாம் அவர்களுக்குப் புரியாது’ என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

படி 6: ‘ஆனால்’ என்பதை ஒப்பந்த விதியாக்குங்கள்

குழு தன் பரிந்துரைகளைத் தன் சொற்களிலேயே எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்பதோடு, மாறுபட்டவர்களின் காரணமும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். 18 பேரில் 11 பேர் ஏற்றதை ‘குழு ஏற்றது’ என்று மட்டும் எழுதுவது, எழுவரின் அச்சத்தை அழித்துவிடுகிறது.

அதன் பிறகு வழக்கறிஞர் ஒருவரை உடன் வைத்து மொழிமாற்றும் வேலை தொடங்குகிறது. ‘காசு பார்க்கக் கூடாது’ என்று ஒருவர் சொன்னால், அவர் மறுப்பது தரவை விற்பதையா, அதிலிருந்து உருவாகும் மருந்தில் லாபம் பெறுவதையா, அந்த லாபத்தில் பொது மருத்துவமனைக்குப் பங்கு இல்லாததையா என்று திரும்பக் கேட்டுத் தெளிய வேண்டும். ‘காப்பீட்டுக்காரர் கையில் போகக் கூடாது’ என்பது, பெற்றவர் மூன்றாம் தரப்புக்கு மறுபடியும் கொடுக்கத் தடை, மீறினால் அபராதம், எந்த நேரமும் தணிக்கை செய்யும் உரிமை என மூன்று விதிகளாகலாம். எழுதிய விதிகளைக் குழுவிடம் திரும்பக் காட்டி, தாங்கள் சொன்னது இதுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடும் இந்த ஒரு மாலைக் கூட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குழுவின் ஒப்புதல் தனிமனிதரின் ஒப்புதல் ஆகாது. விலகும் உரிமை அப்படியே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ‘மை ஹெல்த் ரெகார்டு’ என்ற நாடளாவிய மின்னணு நலப் பதிவு 2019 தொடக்கத்தில் விலகாத அனைவருக்கும் உருவானபோது, ஏறக்குறைய 25 லட்சம் பேர் அதற்கு முன்பே விலகியிருந்தார்கள். விலகும் கேள்வி ஒருவரோடு நிற்காமல் அவருடைய குடும்பத்தையும் தொடலாம்: ஐஸ்லாந்து 1998-இல் சட்டமியற்றித் திட்டமிட்ட நாடளாவிய நலத் தரவுத்தளத்தில் தன் இறந்த தந்தையின் பதிவைச் சேர்க்க ஒரு மகள் மறுத்தார், தந்தையின் தரவிலிருந்து தன்னைப் பற்றியும் அறிய முடியும் என்ற அவரது வாதத்தை 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது.

படி 7: பதிலும், அதன் பின்னும்

முதல் படியில் கையெழுத்திட்டவர், குறித்த நாளுக்குள் ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்தனியே ஏற்கப்பட்டது, பகுதியாக ஏற்கப்பட்டது, மறுக்கப்பட்டது என்று எழுதி, மறுத்ததற்குக் காரணமும் சொல்லி வெளியிட வேண்டும். காரணத்தோடு மறுப்பதை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், மௌனத்தைப் பொறுக்கமாட்டார்கள்.

நடுவர் குழு கலைந்துவிடும், தரவு விண்ணப்பங்களோ வந்துகொண்டே இருக்கும். ஆகவே விண்ணப்பங்களை ஆராயும் நிரந்தரக் குழுவில் பொதுமக்கள் உறுப்பினர்களை வாக்குரிமையோடு சேருங்கள். குறைந்தது இருவர் வேண்டும். பத்து வல்லுநர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் வாயைத் திறப்பது கடினம். வேல்ஸ் நாட்டின் ‘செயில்’ தரவுத்தளத்தில், ஆய்வு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் பொதுமக்களும் இடம்பெறுகிறார்கள். அனுமதி பெற்ற ஒவ்வொரு பயன்பாட்டையும், பெறுபவரின் பெயர், நோக்கம், காலம், கிடைத்த முடிவு ஆகியவற்றோடு எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் வெளியிடுங்கள்.

கடைசியாக, எந்த மாற்றம் வந்தால் மறுபடியும் மக்களிடம் போக வேண்டும் என்பதை இப்போதே எழுதிவையுங்கள்: பெறும் நிறுவனம் வேறொருவருக்கு விற்கப்பட்டால், புதிய வகைப் பதிவுகள் சேர்க்கப்பட்டால், தரவைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்க விரும்பினால், ஒப்பந்தக் காலம் நீட்டிக்கப்பட்டால், கசிவு நேர்ந்தால். அந்த நாள் வரும்போது, முன்பு அமர்ந்தவர்களில் சிலரையும் புதிதாகக் குலுக்கலில் வந்தவர்களையும் சேர்த்து அழையுங்கள்; பழையவர்களுக்குத் தாங்கள் போட்ட நிபந்தனை எப்படி நடந்தது என்று கேட்கத் தெரியும், புதியவர்களுக்கு அதைக் காக்க வேண்டிய கடமை இருக்காது.